பட்டச் சான்றிதழுக்குச் சுவரில் இடமில்லை: பேசாமலே பிரிவைச் சொல்லும் 'அன்பேக்கிங்' வீடியோ கேம்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரைச் சேர்ந்த விட்ச் பீம் நிறுவனம் 2021 நவம்பரில் வெளியிட்ட 'அன்பேக்கிங்' என்ற வீடியோ கேமில் ஆடுபவருக்கு ஒரே ஒரு வேலைதான். அட்டைப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருக்கும் பொருட்களைப் புதிய வீட்டில் அடுக்கி வைக்க வேண்டும்.

வசனம் எதுவும் இல்லாத இந்த கேமுக்கு, 2022-ஆம் ஆண்டு பாஃப்டா விருதுகளில் கதைசொல்லலுக்கான விருது கிடைத்தது. பொதுமக்கள் வாக்களித்துத் தேர்வு செய்யும் 'ஆண்டின் சிறந்த கேம்' விருதையும் அதுவே வென்றது. பெட்டிகளை அடுக்குவதில் கதை எங்கே வருகிறது?

கதையின் நாயகியை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அவளுடைய பெயரும் தெரியாது. 1997 முதல் 2018 வரை அவள் குடியேறும் எட்டுத் தருணங்கள் மட்டுமே நமக்குக் காட்டப்படுகின்றன. முதலில் சிறுமியின் படுக்கையறை, 2004-ல் பல்கலைக்கழக விடுதி, 2007-ல் பிறருடன் பகிர்ந்துகொள்ளும் வீடு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் புகைப்படத் தொகுப்பில் ஒரு படமும் ஒற்றை வரிக் குறிப்பும் சேர்கின்றன. அவள் வாயால் நாம் அறிவது அவ்வளவே.

மற்றதைப் பொருட்களே சொல்லிவிடுகின்றன. இளஞ்சிவப்புப் பன்றிப் பொம்மை அவளை விட்டுப் பிரிவதே இல்லை. ஓவியக் கருவிகள் பெருகிக்கொண்டே போவதைக் கண்டு, அவள் எந்தத் தொழிலை நோக்கி நகர்கிறாள் என்பதை நாமே ஊகிக்கிறோம்.

கதையின் உயிர்நாடி 2010-ஆம் ஆண்டில் இருக்கிறது. படிப்பை முடித்துப் பட்டம் பெற்றவள் காதலனின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வருகிறாள். கருப்பும் சாம்பலுமாக, நேர்த்தியாக இருக்கும் வீடு அது. ஆனால் வருபவளுக்காக ஓர் அலமாரித் தட்டைக்கூட அவன் ஒழித்து வைக்கவில்லை. அவனுடைய பொருட்களை நாம்தான் சற்றே நகர்த்தி, அவளுடையவற்றை இடையிடையே செருக வேண்டும்.

பெட்டியிலிருந்து சட்டமிட்ட பட்டச் சான்றிதழ் வெளியே வரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. சுவரில் அதற்கு இடமில்லை. தவறான இடத்தில் வைத்தால் அந்தப் பொருளைச் சுற்றிச் சிவப்புக் கோடு தோன்றும் என்பது இந்த கேமின் விதி. எங்கே வைத்தாலும் அந்தக் கோடு மறைவதில்லை. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் கேம் அதை ஏற்கிறது. அவன் கொடியவன் என்று எங்கும் எழுதப்படவில்லை. அவளுடைய பல ஆண்டு உழைப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது நம் கையே என்பதால், இந்த உறவு நிலைக்காது என்பதும் நமக்கே புரிந்துவிடுகிறது.

2012-ல் அவள் பெற்றோர் வீட்டுக்குத் திரும்புகிறாள். முதல் கட்டத்தில் பார்த்த அதே படுக்கையறை. இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. அதை வெளியே தெரியும்படி வைக்க கேம் இடம் தராது. எங்காவது மறைத்துத்தான் வைக்க வேண்டும். சண்டையும் கண்ணீரும் காட்டப்படாத பிரிவு இது. படிப்பு முடிந்து பெங்களூரு, புணே, குருகிராம் என்று வாடகை அறைகள் மாறியவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

அடுத்த ஆண்டு அவள் தனியாக வீடெடுக்கிறாள். அங்கே சான்றிதழுக்குச் சுவர் கிடைக்கிறது.

படைப்பு இயக்குநர் ரென் பிரையரும் அவரது துணைவர் டிம் டாசனும் ஒரே வீட்டில் குடியேறிய அனுபவத்தில் பிறந்த யோசனை இது. பெட்டிகளைப் பிரிப்பதே விளையாட்டு போலிருந்ததாம். பொருள் எதன் மீது வைக்கப்படுகிறதோ, அதற்கேற்ப ஓசையும் மாறுகிறது. இதற்காக 14,000-க்கும் மேற்பட்ட ஒலிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கணினியிலும் கேம் கருவிகளிலும் மட்டுமே கிடைத்துவந்த 'அன்பேக்கிங்' 2023 முதல் கைப்பேசிகளிலும் கிடைக்கிறது. சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். எந்தப் பொருளையும் எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் வசதியும் அமைப்புகளில் உண்டு. முதன்முறை ஆடுபவர்கள், குறைந்தது 2010-ஐக் கடக்கும் வரையிலாவது, அதைத் தொடாமல் இருப்பது நல்லது.