விருத்தகாசியில் ஜாகை

காசியிலும் வீசம் அதிகம் என்பது விருத்தாசலத்தைப் பற்றி வழங்கும் பழமொழி. அதற்கு விருத்தகாசி என்ற பெயரும் உண்டு. மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் நீராட ஜனங்கள் திரளும்போது, புண்ணியத்தோடு அறை வாடகையும் வீசம் ஏறிவிட்டால் நடுத்தரக் குடும்பஸ்தர் என்ன செய்வார்? புறப்படுமுன் இதை யோசிப்பது நலம்.

கை இறுக்கமாயிருப்பவர்களுக்கு முதல் யோசனை: இரவு தங்காதீர்கள். சென்னை–திருச்சி கார்டு பாதையும் கடலூர்–சேலம் பாதையும் கூடுகிற சந்திப்பு இது. காலையில் வந்து, விருத்தகிரீசுவரரையும், படியிறங்கிச் சென்று ஆழத்துப் பிள்ளையாரையும் தரிசித்து, மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரிடம் பிராதும் கட்டிவிட்டு மாலை வண்டியில் திரும்பலாம். கடலூர் சாலையில் திரும்புவோருக்கு வடலூரில் பசியாற வழியுண்டு. வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை.

நடுத்தரப் பணப்பை உள்ளவர்கள் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ரயிலடிக்குப் பக்கத்து அறை மலிவாயிருக்கலாம். கோயிலுக்கு நாலு முறை ஆட்டோவில் போய்வந்தால் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். வயோதிகர்களும் ஸ்திரீகளும் உடன் வந்தால் சந்நிதிக்கு அருகே, தனிக் குளியலறையுடன், கீழ்த்தளத்தில் இடம் பார்ப்பதே சிக்கனம். அறையை நேரில் பார்த்துக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று சோதித்த பிறகே பெட்டியை இறக்குங்கள். வாடகை 24 மணி நேரத்துக்கா, மறுநாள் நண்பகல் வரைக்கா என்பதையும் கேளுங்கள். நள்ளிரவில் வந்து சேருவோருக்கு இது பெரிய வித்தியாசம்.

கொலுப் பொம்மையும் அகல் விளக்கும் வாங்க வரும் பீங்கான் வியாபாரிக்கோ கணக்கு வேறு. உடையும் சரக்கைச் சுமந்து மாடியேறுவதைவிட, ரயிலடிப் பக்கம் தங்குவதே லாபம்.

சௌகரியத்துக்குச் செலவிடக் கூடியவர்கள் குளிர்சாதன அறையை நாடலாம்; திருவிழா நெரிசலில் இடம் கிடைக்காவிட்டால் நெய்வேலி, கடலூர் வரை போய்த் தங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 100-க்கு 5 தான், முன்பு 12. பில்லைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

முன்பணம் அனுப்பினால் ரசீது வாங்க மறக்க வேண்டாம். இதே ஊரில் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். அது தம்பிரான் தோழருக்கு நடந்தது. நாம் ஆற்றில் போட்டால் போட்டதுதான்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. வழிப்போக்கனுக்குத் திண்ணையும் சத்திரமும் கட்டிவைத்த நாடு இது. பணம் கொடுத்துத் தங்குகிற காலம் வந்துவிட்டது, அதில் குற்றமில்லை. ஆனால், ஏழை யாத்திரிகர் குழந்தை குட்டிகளுடன் ஆற்றங்கரையில் பனியில் படுக்கிற இரவில் அந்தப் பழைய தர்மம் ஊராரின் நினைவுக்கு வரவேண்டும். ஒரு கூடமும், கொஞ்சம் தண்ணீரும், ஸ்திரீகளுக்கு ஒரு மறைவிடமும் போதும். அந்த ஒரு வீசம் புண்ணியம் ஊருக்கே சேரும்.