ஒண்டுக்குடித்தன முற்றத்தில் பிறந்த டாங்கோ

1869-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் 2 லட்சம் பேர்கூட இல்லை. 1914-இல் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். டாங்கோ இசை உருவானது இந்த இடைப்பட்ட காலத்தில்தான்.

இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலேறியவர்களே அதிகம். சொந்தமாக நிலம் கிடைக்கும் என்று நம்பி வந்த பலர் துறைமுகத்திலும் இறைச்சிக் கூடங்களிலும் கூலி வேலைக்குப் போனார்கள். 1871-இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பயந்து சான் தெல்மோ பகுதிப் பணக்காரர்கள் வடக்கே குடிபெயர, அவர்களுடைய பெரிய வீடுகள் ஒண்டுக்குடித்தனங்களாயின. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கொரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவான குழாயடி. ஜெனோவாக்காரரும் ஸ்பானியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் அங்கே அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்தார்கள். ஒருவர் பாட்டு அடுத்தவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

கியூபாவிலிருந்து வந்த ஹபனேரா தாளம், நாட்டுப்புறப் பாடகர்களின் மிலோங்கா, இத்தாலிய மெட்டு எல்லாம் கலந்தன. இந்தக் கதையில் அடிக்கடி விட்டுவிடப்படுகிறவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அது பெரிய அநியாயம். அவர்களுடைய கண்டோம்பே முரசடி டாங்கோவின் அடித்தளங்களில் ஒன்று. 1897-இல் வந்த, இன்றும் வாசிக்கப்படும் ‘எல் என்ட்ரெரியானோ’ என்ற டாங்கோவை இயற்றிய ரொசென்டோ மென்டிசாபலும் அந்த வம்சாவளிக்காரரே.

ஆரம்பத்தில் புல்லாங்குழல், வயலின், கிட்டார் வைத்துத் துள்ளலாக வாசித்தார்கள். அந்த ஓட்டத்தை நிதானமாக்கி, இசைக்குள் ஏக்கத்தைக் கொண்டுவந்தது பாண்டோனியன். அதுவும் குடியேறிய கருவிதான். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் உருவாகி, 1900 வாக்கில் டாங்கோ குழுக்களில் இடம்பிடித்தது. பார்க்கச் சிறிய துருத்திப் பெட்டி, வாசிப்பது பெரும்பாடு. வலப்பக்கம் 38, இடப்பக்கம் 33 பொத்தான்கள். துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரம் தரும் பொத்தான், மடக்கும்போது பெரும்பாலும் வேறு சுரம் தரும். ஆக, இரண்டு கைக்கும் சேர்த்து நான்கு சுர அடுக்குகளை மனப்பாடம் செய்தாக வேண்டும். அதனால் பல கலைஞர்கள் விரிக்கும்போதே வாசித்துவிட்டு, காற்றுத் திறப்பை அழுத்தி ஒரே மூச்சில் மடக்கிக்கொள்வார்கள். மடியில் கிடக்கும் பெட்டி பெருமூச்சு விடுவதுபோல இருக்கும்.

நகரின் மேல்தட்டினர் டாங்கோவை வெகுகாலம் விடுதிகளின் இழிந்த ஆட்டமாகவே பார்த்தார்கள். 1913 வாக்கில் பாரிஸ் கொண்டாடிய பிறகுதான் பலரின் மனம் மாறியது. 1917-இல் பாடகர் கார்லோஸ் கார்டெல் ‘மி நோச்சே திரிஸ்தே’யைப் பதிவு செய்ததும், கதை சொல்லும் பாட்டாகவும் டாங்கோ வளர்ந்தது. காதலி விட்டுப்போன அறையில் ஒருவன் தனியே புலம்புவதே அந்தப் பாட்டு. குடியேறியவர்களில் பெண்களைவிட ஆண்களே மிக அதிகம் என்பதை நினைத்தால், கேட்டவர்களுக்கு அது ஏன் சொந்தக் கதையாகத் தோன்றியது என்று புரியும். கார்டெலே குழந்தைப் பருவத்தில் தாயோடு பிரான்ஸிலிருந்து வந்தவர் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

பின்னாளில் வந்த டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலாவின் தாத்தா பாட்டிமாரும் இத்தாலியர்கள். அர்ஜென்டினாவில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே பெற்றோர் நியூயார்க்கிற்கு அழைத்துப்போனார்கள். தாய்நாட்டு இசையை மறக்க முடியாத தந்தை, அங்கே ஓர் அடகுக் கடையில் கண்ட பாண்டோனியனை மகனுக்கு வாங்கித் தந்தார். 1959-இல் அந்தத் தந்தை இறந்தபோது பியாசோலா எழுதியதுதான் ‘அதியோஸ் நோனினோ’. டாங்கோவைக் கேட்டே இராதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.