முன்விளக்கு தரையைப் பார்க்கட்டும்!

இரவு நேரம். பிறையில் சரக்கேற்றிய பழைய லோரி ஒன்று பினாங்குப் பாலத்தில் வந்து கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால், இடது ஓரமாக, வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். திடீரென்று அவருடைய இரு பக்கக் கண்ணாடிகளும் பளீரென்று மின்னுகின்றன. கண் கூசுகிறது. முன்னால் இருக்கும் சாலை சில விநாடிகளுக்கு இருண்டு போகிறது.

லோரி ஓட்டுநர் விளக்கை உயர்த்திப் போட்டு விட்டாரா? இல்லை. தாழ்விளக்குதான் எரிகிறது. சரக்கின் பாரத்தால் லோரியின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் நிமிர்ந்து விட்டது. லோரியோடு சேர்ந்து விளக்கும் நிமிர்ந்து விட்டது. அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓட்டுநருக்கு இது ஒரு கோளாறாகவே தெரிவதில்லை. ஒளி தூரமாகப் பாய்வதால் "விளக்கு நன்றாக எரிகிறது" என்றே அவர் நினைப்பார். பிரேக் கெட்டால் ஓட்டுநருக்குத் தெரியும். விளக்கின் கோணம் கெட்டால் அடுத்தவருக்குத்தான் தெரியும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இதைச் சிறிய விஷயமென்று ஒதுக்க முடியாது.

நான்கு சென்டிமீட்டர் செய்யும் வேலை

தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு ஒன்றரை விழுக்காடு கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதாக வைத்துக் கொள்வோம். அதாவது, 10 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் வீதம் ஒளி இறங்கும். அந்த ஒளியின் மேல்விளிம்பு ஏறத்தாழ 67 மீட்டரில் தரையைத் தொட்டு விடும்.

இப்போது முன், பின் சக்கரங்களுக்கிடையே 4 மீட்டர் தூரமுள்ள லோரியில் சரக்கேற்றுகிறோம். முன்பக்கத்தைக் காட்டிலும் பின்பக்கம் 4 சென்டிமீட்டர் அதிகமாகத் தாழ்ந்தாலே சாய்வில் ஒரு விழுக்காடு போய் விடும். 67 மீட்டரில் தரையைத் தொட்ட ஒளி 200 மீட்டர் வரை நீளும். 6 சென்டிமீட்டர் தாழ்ந்தால் ஒளி தரையையே தொடாது. நேராக மற்றவரின் கண்ணுக்குப் போகும்.

இதைச் சரிசெய்யத்தான் ஓட்டுநரின் முன்பலகையில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு குமிழ் வைத்தார்கள். பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் விளக்கு கீழே இறங்கும்.

ஹைட்ராலிக் முறை ஏன் கெடுகிறது?

பழைய ஐரோப்பிய வாகனங்கள் சிலவற்றில் இந்தக் குமிழின் பின்னால் ஒரு சிறு சிலிண்டர் இருக்கும். அதிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் இரு விளக்குகளுக்கும் போகும். குமிழைத் திருப்பினால் குழாயிலுள்ள திரவம் மறுமுனையில் இருக்கும் தண்டைத் தள்ளும். தண்டு விளக்கின் பிரதிபலிப்புக் கிண்ணத்தைச் சாய்க்கும். மோட்டாரும் இல்லை, மின்கம்பியும் இல்லை. எளிய ஏற்பாடுதான்.

ஆனால், இஞ்சின் சூட்டில் பல்லாண்டு கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் வெடித்து விடுகிறது. ரப்பர் வளையங்கள் இறுகிப் போகின்றன. திரவம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, அந்த இடத்தில் காற்று புகுந்து கொள்கிறது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். எனவே குமிழைத் திருப்பினாலும் தள்ளும் விசை விளக்குக்குப் போய்ச் சேராது. தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்ட சாதனம் என்பதால், பட்டறையில் ஊசியால் பிரேக் எண்ணெய் ஏற்றிப் பார்ப்பது பலன் தராது. மாற்றுவதென்றால் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். பழைய லோரிகளுக்கு அது கிடைப்பதும் அரிது.

மின்முறைக்கு மாறும்போது

மின்முறையில் ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் ஒரு குட்டி மோட்டார் இருக்கும். அதற்கு மூன்று கம்பிகள். ஒன்று மின்சாரம் தருவது, ஒன்று எர்த், மூன்றாவது குமிழிலிருந்து கட்டளை கொண்டு வருவது. கட்டளைக்கு ஏற்ற இடம் வரும் வரை மோட்டார் தண்டை நகர்த்தி, பிறகு தானாக நின்று விடும்.

வாங்குவதற்கு முன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வோல்ட். கார்களில் 12 வோல்ட், கனரக லோரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். மலிவாகக் கிடைக்கிறதென்று கார் மோட்டாரை லோரியில் மாட்டினால் கருகி விடும். குமிழும் மோட்டார்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஜோடியாக இருப்பது அவசியம்.

இரண்டாவது, விளக்குக் கூடு. சில கூடுகளில் ஹைட்ராலிக் தண்டு இருந்த அதே துளையில் மின்மோட்டாரும் பொருந்தும். பொருந்தாவிட்டால் கூட்டையே மாற்ற வேண்டி வரும். பழைய பிளாஸ்டிக் பிடிப்பு எளிதில் உடையும் என்பதால், தண்டைக் கழற்றும்போது நிதானம் தேவை.

மூன்றாவது, பழைய இரும்புக் கடையில் விளக்கு வாங்குவோர் கவனத்திற்கு. மலேசியாவில் வாகனங்கள் இடப்பக்கம் செல்வதால், தாழ்விளக்கின் ஒளி இடது ஓரத்தில் சற்று உயர்ந்திருக்கும். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்காகச் செய்த விளக்கில் அது வலப்புறம் உயரும். அதை இங்கே மாட்டினால் எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும். ஜப்பான், பிரிட்டன் நாடுகளுக்கான விளக்குகளில் இந்தச் சிக்கல் இல்லை.

நான்காவது, கம்பி இணைப்பு. தாழ்விளக்கு எரியும்போது மட்டும் மின்சாரம் வரும்படி, தனி பியூஸ் வைத்து இணைப்பது நல்லது. உப்புக்காற்று வீசும் பினாங்கில் எர்த் இணைப்பு விரைவில் துருப்பிடிக்கும். துருவைச் சுரண்டி, கிரீஸ் பூசி முடுக்க வேண்டும்.

சுவரே சாட்சி

வேலை முடிந்ததும் காலி லோரியைச் சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் நிறுத்தி, சக்கரக் காற்றைச் சரிபார்த்து, குமிழை 0-வில் வைக்க வேண்டும். விளக்கின் உயரம் 100 சென்டிமீட்டர், குறிப்பிட்ட சாய்வு ஒன்றரை விழுக்காடு என்றால், சுவரில் ஒளியின் மேல்விளிம்பு 85 சென்டிமீட்டரில் விழ வேண்டும். உங்கள் லோரிக்குரிய விழுக்காட்டைக் கையேட்டில் பார்த்துக் கொள்ளலாம். பிறகு குமிழை 1, 2, 3 என்று திருப்பினால் இரு விளக்குகளும் ஒரே அளவில் இறங்க வேண்டும்.

1994இல் அமைக்கப்பட்ட புஸ்பகோமின் வர்த்தக வாகனப் பரிசோதனையில் முன்விளக்குச் சோதனையும் ஓர் அங்கம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரும் அந்த நாளுக்கு முன்பே கோணத்தைக் கருவி கொண்டு சரிபார்த்து விடலாம். விளக்கையே வேறு வகைக்கு மாற்றுவதாக இருந்தால், அது விதிக்கு உட்பட்டதா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது.

இன்னும் ஒன்று. மோட்டார் பொருத்தியதோடு கடமை முடிந்து விடாது. கையால் திருப்பும் குமிழுக்குச் சரக்கின் எடை தெரியாது, ஓட்டுநருக்குத்தான் தெரியும். பாரம் ஏற்றியதும் கயிற்றை இழுத்துப் பார்க்கிறோம், சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறோம். அதோடு குமிழையும் ஒரு சுற்றுத் திருப்பினால், முன்னால் போகிறவர் கண் கூசாமல் வீடு போய்ச் சேருவார்.