கேட்டுப் பெறும் நற்சொல்

1874ஆம் ஆண்டில் புகையிரதம் வந்து சேர்ந்த காலந்தொட்டு, நாவலப்பிட்டி வழிப்போக்கர் பலரைக் கண்ட ஊர். இங்கே நல்ல தையற்காரர் யார், நாணயமாகப் பழுதுபார்ப்பவர் யார் என்பதை ஊரார் அறிவர். புதிதாய் வருபவர் அறியார். அவர் இன்று கூகுள் வரைபடத்தில் பிறர் எழுதிய கருத்தைப் பார்த்த பின்னரே கடைவாசலை மிதிக்கிறார்.

மனம் நிறைந்தவரோ வாயார வாழ்த்திவிட்டுப் போய்விடுகிறார். அவ்வாழ்த்தை எழுதித் தருமாறு கேட்க நம் தொழிலாளர் நாணுகின்றனர். உழைத்தவன் நற்சொல் கேட்பது இரத்தலாகாது. ஆனால் வேளையறிந்து கேட்க வேண்டும். தைத்த சட்டை உடலுக்குப் பொருந்திய அந்நேரமே தக்கது. ஒரு வாரம் கழிந்தால் மறந்துபோம். கருத்தெழுதும் பக்கத்துக்குரிய கியூஆர் குறியை அச்சிட்டு மேசைமீது வைத்தால், தேடும் சிரமமும் நீங்கும். தமிழிலோ சிங்களத்திலோ இரண்டு வரி போதும். செய்த வேலை இன்னதென்று அதில் இருந்தால் படிப்பவர்க்குப் பயன்படும்.

ஒன்றை மறவாதீர்கள். விலைக்கழிவு தந்து புகழுரை பெறுவதும், மகிழ்ந்தவரை மட்டும் தெரிந்தெடுத்துக் கேட்பதும் கூகுளின் விதிகளுக்கு மாறானவை. ஆகவே எல்லாரிடமும் கேளுங்கள். குறை எழுதியவர்க்குச் சினவாது மறுமொழி தாருங்கள். திருத்திக் கொடுத்த ஒரு குறை, பத்துப் புகழுரையினும் மிகுந்த நம்பிக்கையை விளைக்கும்.