மின்சாரக் கிதாரின் கூட்டுக் குரல்

ஒரே மின்சாரக் கிதார் ஒரு கணம் மணிபோல் ஒலிக்கிறது. மறுகணம் மூக்கால் பாடுவதுபோல் ஒலிக்கிறது. தந்தியும் ஒன்றே, மீட்டும் கையும் ஒன்றே. அப்படியிருக்கக் குரல் மாறுவானேன்? தந்திகளுக்கு அடியிலுள்ள 'பிக்கப்' என்னும் சிறு உறுப்பே காரணம்.

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சூழ ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளுமே ஆகும். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட விதிதான் இது. ஒலிபெருக்கி அம்மின்னோட்டத்தை நாம் கேட்கும் நாதமாக்குகிறது.

குதிரையருகே அமைந்த பிக்கப் கூரிய ஒலியைத் தரும். கழுத்துப் பக்கம் அமைந்தது கனிந்த ஒலியைத் தரும். வீணையைக் குதிரையருகே மீட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

இரண்டையும் சேர்த்தால் இடைப்பட்ட ஒலி வரும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் பிறப்பதோ மூன்றாவதொரு குரல். 1954-இல் வெளிவந்த பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் மூன்று பிக்கப்புகளும், அவற்றுள் ஒன்றை மட்டுமே தேரும் மூன்று நிலை ஸ்விச்சும் இருந்தன. கலைஞர்களோ ஸ்விச்சை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளைச் சேர்ந்தொலிக்கச் செய்தனர். 1977-இல் அந்நிறுவனமே ஐந்து நிலை ஸ்விச்சைப் பொருத்தலாயிற்று.

சேர்க்கும் முறையும் முக்கியம். சுருள்களைத் தொடராக இணைத்தால் ஒலி உரத்துத் தடிக்கும். பக்கமாக இணைத்தால் தெளிந்து ஒலிக்கும்.

ஒரு சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றி இணைத்தாலோ விந்தை விளைகிறது. தாழ்ந்த ஒலிகளில், இரு பிக்கப்புகளுக்கும் மேலுள்ள தந்திப் பகுதிகள் ஏறத்தாழ ஒருங்கே அசைகின்றன. ஆதலால் எதிரெதிராக இணைந்த சுருள்களில் அவ்வொலிகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மேற்சுரங்களில் அப்பகுதிகள் வெவ்வேறாக அசைவதால் அவை எஞ்சுகின்றன. விளைவு, மெலிந்த மூக்கொலி. பிக்கப்புகள் நெருங்கியிருந்தால் மெலிவு மிகும். ஒன்றன் அளவைச் சற்றுக் குறைத்தால் ஒலிக்கு உடல் திரும்பும்.

ஆங்கிலக் கலைஞர் பீட்டர் கிரீனின் கிதாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் திசை மாறியிருந்தது. பழுதென்று தள்ளத்தக்க அக்குணமே அவரை அடையாளம் காட்டும் குரலாயிற்று. பிரையன் மே, 1963-இல் தந்தையுடன் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிதாரில், மூன்று பிக்கப்புகளுக்கும் தனித்தனித் திசைமாற்று ஸ்விச்சுகளை வைத்தார்.

வெளியூரில் சிறு வருவாயில் கிதார் பயிலும் நம் இளைஞர்கள், விலையுயர்ந்த கருவிக்கு ஏங்க வேண்டியதில்லை. பற்றவைக்கும் கோலும் பொறுமையும் போதும். கிதாரை ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய பின்னரே கை வையுங்கள். ஒலிபெருக்கியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். பழைய இணைப்பை முதலில் வரைந்து வையுங்கள். பிக்கப்பின் உலோக மூடி சுருளின் ஒரு முனையோடு இணைந்திருந்தால், அதைப் பிரித்துத் தனியே தரைக் கம்பியில் சேர்த்த பிறகே முனைகளை மாற்றுங்கள். இன்றேல் இரைச்சல் மிகும்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து, செவி கொடுத்துக் கேளுங்கள். எது நன்று என்று தீர்ப்பளிக்க வேண்டியது உங்கள் செவியே.