வானொலியில் தொலைந்த 2,000 அடி

செராஸிலிருந்து பூச்சோங் அதிக தூரமில்லை. 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், இன்னும் பொழுது விடியாத காலை 6.36 மணிக்கு, அந்தப் பூச்சோங் வட்டாரத்துக் குன்று ஒன்றில் ஒரு போயிங் 747 சரக்கு விமானம் மோதியது. ‘ஃபிளையிங் டைகர்’ நிறுவனத்தின் 66ஆம் எண் விமானம் அது. சிங்கப்பூரிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தனர். அது மோதிய இடம் கடல் மட்டத்திலிருந்து 437 அடி உயரம். அதாவது 133 மீட்டர்தான். அந்த இடத்தில் அந்த விமானம் அவ்வளவு கீழே இருந்திருக்கவே கூடாது.

என்ன நடந்தது? தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார். அதை அவர் ஆங்கிலத்தில் சொன்ன விதம் இது: “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ.” விமானியின் காதில் விழுந்ததோ “டிசெண்ட் டு ஃபோர் ஸீரோ ஸீரோ”. முதலாவதில் ‘டூ’ என்பது இரண்டு என்ற எண். இரண்டாவதில் ‘டு’ என்பது நம் ‘-க்கு’ என்ற வேற்றுமை உருபு போன்ற ஒரு சொல். 2,400 அடி 400 அடியாகிவிட்டது.

தமிழ் வகுப்பில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்திருப்பீர்கள். ‘டு’, ‘டூ’ இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு மாத்திரை. நேருக்கு நேர் பேசும்போதே அது நழுவிவிடும். விமான வானொலியிலோ நிலைமை இன்னும் மோசம். விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் பேசுகின்றன. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினால் கீச்சென்ற சத்தம்தான் கேட்கும். இதற்கிடையே எஞ்சின் இரைச்சல், ஆளுக்கோர் உச்சரிப்பு.

இருந்தாலும் அந்தத் தவற்றைப் பிடிக்க இன்னொரு வாய்ப்பு இருந்தது. மாமாக் கடையில் அண்ணன் உங்களிடம் ஆர்டர் எடுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? “ரொட்டி சானாய் ரெண்டு, தே ஓ ஐஸ் ஒண்ணு, சரியா?” என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவார். விமானிகளுக்கும் இதுவே விதி. உயரம், திசை, ஓடுபாதை எண் என்று எதைக் கேட்டாலும் கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தவறென்றால் உடனே திருத்த வேண்டும். அன்றைக்கு விமானி “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று திருப்பிச் சொன்னார். ‘அடி’ என்ற சொல் இல்லை. நானூறு என்று முழுதாகவும் இல்லை. அது திருத்தப்படவும் இல்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்திலிருந்த எச்சரிக்கைக் கருவி குரல் கொடுத்தது. அதற்கும் விமானிகள் உடனே மேலே ஏறவில்லை.

இதில் இன்னொன்றையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அன்று அந்த விமானம் பின்பற்றியது ‘என்டிபி’ என்ற பழைய வகை வழிகாட்டியை. அது தரையில் நின்று எல்லாத் திசைகளிலும் வானொலி அலைகளை அனுப்பும் ஒரு கம்பம், அவ்வளவுதான். விமானத்திலுள்ள முள் அந்தக் கம்பம் இருக்கும் திசையைக் காட்டும். எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று காட்டாது. உயரத்துக்கு விமானி நம்பியிருப்பது கையிலுள்ள வரைபடத்தையும் காதில் விழும் எண்ணையும்தான். எனவே அந்த எண் தவறினால் குன்று இருப்பதைச் சொல்ல முள்ளுக்குத் தெரியாது.

‘ஐஎல்எஸ்’ என்ற கருவி முறை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஓடுபாதையின் கோடியிலிருந்து இரண்டு அலைக்கற்றைகள் புறப்படும். ஒன்றில் 90 ஹெர்ட்ஸ் ஒலி, மற்றதில் 150 ஹெர்ட்ஸ் ஒலி. இரண்டும் சம அளவில் கிடைத்தால் நீங்கள் ஓடுபாதைக்கு நேராக இருக்கிறீர்கள். ஒன்று ஓங்கினால் பக்கவாட்டில் விலகிவிட்டீர்கள். இதே உத்தியை மேலும் கீழுமாகத் திருப்பி வைத்தால் இறங்க வேண்டிய சரிவும் கிடைத்துவிடும். வழக்கமான சரிவு 3 பாகை. உங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள டான் 3° மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: சுமார் 0.0524. ஒரு கடல் மைல் 6,076 அடி. பெருக்கினால் 318. அதாவது ஓடுபாதையிலிருந்து ஒவ்வொரு கடல் மைல் தொலைவுக்கும் ஏறக்குறைய 318 அடி உயரம் இருக்க வேண்டும். ஐந்து மைலில் இருந்தால் 1,590 அடி. முக்கோணவியல் எதற்கு என்று ஆசிரியரைக் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, பெரிய விமானங்களை ஓட்டுபவர்களுக்குத்தானே இதெல்லாம்? இல்லை. நான்கு இருக்கை கொண்ட சிறு விமானத்தைச் சொந்த விருப்பத்துக்காக ஓட்டும் தனியார் விமானிகளும் இதைப் பழகுகிறார்கள். செராஸுக்குப் பக்கத்துச் சுங்கை பீசியில்தான் 1965 வரை கோலாலம்பூரின் விமான நிலையம் இருந்தது. சுபாங் திறக்கப்பட்ட பிறகும் அங்கே சிறு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. 2018இல் அந்தத் தளம் மூடப்பட்டது. உங்கள் பெற்றோரைக் கேட்டால், வீட்டுக்கு மேலே தாழ்வாகப் பறந்த விமானங்களைப் பற்றிச் சொல்லக்கூடும்.

தனியார் விமானிக்கு இந்தப் பயிற்சி ஏன் தேவை என்பதற்கு நம் ஊர் வானமே பதில். பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் அடிக்கும். நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். அது போதாதென்று புகைமூட்டம். 2005 ஆகஸ்ட்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலையே அறிவிக்கப்பட்டது. அடிவானம் மறைந்துவிட்டால் மனித உடல் ஏமாந்துபோகும். நம் உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்கள் திரும்பத் தொடங்குவதை உணரும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சற்று நேரத்தில் நேராகப் போவதாகவே சொல்லும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளின் கண்ணிலிருந்து அடிவானத்தை மறைத்துப் பறக்கவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

ஆகவே நல்ல வெயில் நாளிலேயே இதைப் பழகுகிறார்கள். பயிற்சி பெறுபவர் தலையில் நீண்ட விளிம்புள்ள ஒரு மறைப்பை மாட்டிக்கொள்வார். கருவிகள் மட்டும் தெரியும், வெளியே தெரியாது. பக்கத்து இருக்கையில் இன்னொரு விமானி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே இருப்பார். கருவித் தகுதி பெற இப்படிக் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த நேரம் குறைந்தது 40 மணி வேண்டும் என்பது அனைத்துலக விதி. அதில் ஒரு பகுதியைத் தரையிலுள்ள பாவனைக் கருவியில் முடிக்கலாம்.

இப்போது கட்டுப்பாட்டாளரின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். ஒரு சிறு விமானம் கூப்பிடுகிறது: பயிற்சிக்காக ஐஎல்எஸ் வழியில் இறங்கி வர வேண்டும், ஆனால் தரையைத் தொடாமல் மீண்டும் மேலே ஏறிப் போவோம் என்கிறது. அதன் வேகம் மணிக்கு 90 கடல் மைல். ஓடுபாதைக்கு 10 மைல் இருக்கிறது. வந்து சேர 6 நிமிடம் 40 விநாடி ஆகும். அதற்குப் பின்னால் 140 மைல் வேகத்தில் ஒரு ஜெட் வருகிறது. அதே 6 நிமிடம் 40 விநாடியில் ஜெட் கடக்கும் தூரம் 15.6 மைல். ஆகவே ஐந்தரை மைல் பின்னால் இருக்கும் ஜெட்கூடச் சிறு விமானத்தை ஓடுபாதை வாசலில் பிடித்துவிடும். ஜெட்டை முன்னால் விட்டால் அதன் இறக்கைகள் கிளப்பும் சுழல்காற்று பின்னால் வரும் சிறு விமானத்தைப் புரட்டிவிடக்கூடும்; அதற்கும் இடைவெளி விட வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்? “காத்திருங்கள், அங்கேயே வட்டமிடுங்கள்” என்பீர்கள், அல்லது “இப்போது முடியாது” என்பீர்கள். பயிற்சி விமானிகள் பலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தவர் சுளிக்க மாட்டார். சுபாங்கில் 2024 ஆகஸ்ட் முதல் பயணிகள் ஜெட் சேவை திரும்பியிருப்பதால் இந்தக் கணக்கு அங்கே முன்னைவிட அடிக்கடி போடப்படுகிறது.

அதனால்தான் அனுபவமுள்ள தனியார் விமானி சீக்கிரமே கூப்பிடுவார். என்ன வேண்டும், முடிவில் என்ன செய்யப்போகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். ‘தரையைத் தொட்டு எழுவேன்’ என்பதும் ‘தொடாமலே ஏறுவேன்’ என்பதும் கட்டுப்பாட்டாளருக்கு வேறு வேறு கணக்குகள். அவர் கொடுத்த திசையோ உயரமோ புரியாவிட்டால், “மீண்டும் சொல்லுங்கள்” என்று கேட்பார். கேட்க வெட்கப்படுவதுதான் இந்தத் தொழிலில் வெட்கக்கேடு. கட்டுப்பாட்டாளர் சொன்னது ஆபத்தாகத் தெரிந்தால் “முடியாது” என்று மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. மலாக்கா நீரிணைக்கு அப்பால் மேடானில், 1997 செப்டம்பர் 26ஆம் நாள், புகைமூட்டத்துக்கு நடுவே இடப்பக்கமா வலப்பக்கமா என்ற குழப்பம் கருடா விமானத்துக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையில் எழுந்தது. விமானம் மோதி 234 பேர் இறந்தனர்.

உயரத்தைச் சொல்லும் முறைக்கும் இன்று கண்டிப்பான வடிவம் இருக்கிறது. ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாக அடுக்காமல், ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்’ என்று ஆயிரம், நூறு, அடி என முழுதாகச் சொல்ல வேண்டும். ‘தௌசண்ட்’ என்ற சொல் நடுவில் வந்துவிட்டால் முன்னால் நிற்கும் ‘டூ’வை யாரும் ‘டு’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றை ‘ட்ரீ’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும் உச்சரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இந்த உச்சரிப்பைக் கேட்டு ஆங்கில ஆசிரியர் கோபித்துக்கொள்ளலாம். விமானத் தேர்வாளர் மதிப்பெண் போடுவார்.

தனியார் விமானி உரிமத்துக்கு அனைத்துலக விதிப்படி குறைந்தபட்ச வயது 17. வெளிநாட்டுப் பயணங்களில் வானொலியில் பேசும் விமானிக்கும், அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டாளருக்கும் ஆங்கிலத்தில் குறைந்தது 4ஆம் நிலைத் தேர்ச்சி வேண்டும். ஆறு நிலைகளில் அது நான்காவது. அதைப் பெற்றவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் தேர்வு எழுத வேண்டும் என்பது பரிந்துரை. அந்தத் தேர்வில், புரியாதபோது திருப்பிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்கிறாரா என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.