திருகோணமலையின் பெயரில் ஒரு கப்பல்

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய கப்பலொன்று ஆர்க்டிக்கின் வாசல்வரை போய்வந்திருக்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'ட்ரிங்கோமலி' என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் அது. 1850களில், ஆர்க்டிக்கில் காணாமற்போன சேர் ஜோன் ஃபிராங்ளினைத் தேடும் பணிக்கு உதவியாக பேரிங் நீரிணைப் பக்கம் பொருட்களைக் கொண்டு சென்றது.

1845இல் பனிக்கடலுக்குள் போன ஃபிராங்ளின் குழுவில் 129 பேர். ஒருவரும் திரும்பவில்லை. 1859இல் தேடிப் போனவர்கள் கண்டது நெஞ்சைப் பிசையும் காட்சி: பனிச் சறுக்குவண்டி மேல் ஒரு படகு, அதற்குள் இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே வெள்ளிக் கரண்டிகள், சவர்க்காரம், புத்தகங்கள். பசியில் தளர்ந்தவர்கள் இவ்வளவு பாரத்தையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்!

அவர்களுடைய கதியை 1854இல் வெளியுலகுக்குச் சொன்னவர் ஜோன் ரே என்ற வைத்தியர். அவர் ஆர்க்டிக்கில் வாழும் இனுயிற் மக்களிடம் பாடம் கேட்டவர். சிறு குழுவோடு நடந்தார், வேட்டையாடிச் சாப்பிட்டார், பனியை வெட்டி வீடு கட்டினார். அந்த வீட்டில் படுக்கை மேடை வாசலைவிட உயரத்தில் இருக்கும்; சூடான காற்று மேலேதான் தங்கும் அல்லவா?

பனிப் பயணத்தில் இன்னொரு பாடமும் உண்டு: குளிரைவிட வியர்வை பொல்லாதது. நனைந்த உடுப்பு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் துருவப் பயணிகள் இன்றும் வியர்க்குமுன்பே மேலுடையைக் கழற்றுகிறார்கள். நடையை நிறுத்தியதும் உடனே போட்டுக்கொள்கிறார்கள்.